கைது முதல் ரிமாண்ட் வரை

சந்தேகத்தின் பேரில் போலீசார் பிடித்துச் செல்லும் ஒருவர், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அவருக்கான பாதுகாப்பு அரசியலமைப்பின் 20, 21, 22ஆம் பிரிவுகளில் இருக்கிறது. நடைமுறையை 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற சட்டம் வகுக்கிறது.

ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் நோட்டீஸ் கொடுத்தே விசாரிக்கலாம். கைது செய்வதென்றால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டளைகளின்படி, கைது செய்பவரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் தேதியும் நேரமும் எழுதி, வீட்டாரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதான தகவலும் வைத்திருக்கும் இடமும் உறவினருக்குப் போய்ச் சேர வேண்டும். விதிவிலக்கான நிலை தவிர, பொழுது சாய்ந்த பின் விடியும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால் அவர் முழு நேரமும் உடனிருக்க முடியாது. தன்னைச் சிக்கவைக்கும் பதிலைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்பதில்லை.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இந்தச் சலுகைக்குப் பெரிய வேலை இல்லை. நீதிமன்றங்கள் உள்ள இரணியலும் நாகர்கோவிலும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள்தான். விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள். "சும்மா விசாரிச்சிட்டு விட்டுருவோம்" என்று கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தாலும், வெளியே போக விடாத நேரமெல்லாம் காவல்தான் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவதற்கு முன் டாக்டர் உடலைப் பரிசோதித்து, காயங்களைக் குறித்து, அறிக்கையின் நகலைக் கைதானவருக்குத் தர வேண்டும். இந்தக் கட்டங்கள் கண்துடைப்பானால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாக 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பிடிக்கப்பட்டனர். மறுநாள் டாக்டரின் சான்று வாங்கப்பட்டது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தந்தையும் இறந்தனர். ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணை மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பரில், ஸ்டேஷன்கள் அனைத்திலும் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடிபட்டிருந்தால் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவரும் அதைப் பதிய வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லாதவர் நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ நாடலாம். ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம்.