மருந்து வரும்வரை காதுக்கு என்ன செய்வது?

பிறவியிலேயே காது கேளாத ஆறு குழந்தைகளின் உட்காதில் ஒரு மரபணுவைச் செலுத்தினோம், ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று 2024 ஜனவரியில் ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ரீஜெனரான் நிறுவனத்தின் சோதனையிலும் 12 குழந்தைகளில் 9 பேருக்கு நல்ல பலன் தெரிந்தது. "எங்க பிள்ளைக்கு எப்போ கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பிள்ளையின் காதில் பழுதானது எது?

இந்தச் சிகிச்சை ஒரே ஒரு மரபணுவுக்கானது. உட்காதில் ஒலியை உணரும் ரோமச் செல்கள் நரம்புக்குச் செய்தி அனுப்ப ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் ஓடிஓஎஃப் மரபணு கெட்டுப்போனால், செல் ஒலியை உணரும். நரம்புக்குச் செய்தி போகாது. மரபணுக் கோளாறால் வரும் பிறவிக் கேளாமையில் இது காரணமாக இருப்பது 2 முதல் 8 விழுக்காடு வரைதான். இந்த மரபணுவில் புரதத்துக்கான குறியீடு மட்டுமே சுமார் 6,000 டிஎன்ஏ எழுத்து நீளம்; அதைச் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸுக்குள் அது அடங்காது. அதனால் இரண்டு பாதியாக வெட்டி இரண்டு வைரஸ்களில் அனுப்புகிறார்கள். செல்லுக்குள் போன பிறகு பாதிகள் இணைகின்றன. இந்தியக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ஜிஜேபி2 மரபணுக் கோளாறை இந்த மருந்து சரிசெய்யாது. ஆகவே மரபணுப் பரிசோதனைதான் முதல் படி. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் ஓடிஓஎஃப் கேளாமை வரும். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தப் பரிசோதனை இன்னும் முக்கியம்.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்தும் விஷயம் வேறு. பிறந்த குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்துச் செய்யும் ஓஏஇ பரிசோதனை, வெளி ரோமச் செல்களை மட்டுமே சோதிக்கிறது. ஓடிஓஎஃப் குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் அந்தச் செல்கள் நன்றாகவே வேலை செய்யும். 'பாஸ்' என்று தாள் வந்துவிடும். ஆனால் கூப்பிட்டால் பிள்ளை திரும்பாது. தாய் சந்தேகப்பட்டால், கையில் உள்ள தாளைக் காட்டி வீட்டாரே அவளை அடக்கிவிடுவார்கள். நரம்பு வழியாக ஒலி மூளைக்குப் போகிறதா என்பதைக் காட்டுவது பெரா பரிசோதனை. சந்தேகம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஓஏஇ சரியாக இருந்து பெராவில் பதில் இல்லையென்றால், ஓடிஓஎஃப் கோளாறாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு.

காத்திருப்பிலும் ஆபத்து உண்டு. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் இதே வகைச் சிகிச்சை பெற்ற 11 வயதுச் சிறுவனுக்குக் கேட்கும் திறன் வந்தது. ஆனால் அந்த வயதுவரை பேச்சொலியே கேட்காமல் வளர்ந்த மூளை இனி பேசக் கற்குமா என்பதில் மருத்துவர்களுக்கே ஐயம் இருந்தது. மொழி பதியும் காலம் முதல் சில ஆண்டுகள்தான். மரபணு மருந்தை எதிர்பார்த்து, உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழகத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அது கிடைக்கிறது. சோதனைகளில் பொதுவாக இம்பிளான்ட் இல்லாத காதில்தான் மருந்தைச் செலுத்துகிறார்கள். எனவே இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் பொருத்துவதா, ஒன்றை விட்டுவைப்பதா என்பதை மரபணு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். இம்பிளான்ட்டோ சைகை மொழியோ, பிள்ளைக்கு ஏதாவதொரு மொழி இன்றே போய்ச் சேர வேண்டும்.

மரபணு மருந்தைச் செலுத்தும் முன், பிள்ளையின் ரத்தத்தில் ஏஏவி வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். ஒருமுறை மருந்து செலுத்தினால் அது கூடிவிடும் என்பதால், அதே வைரஸைப் பிறகு மறுபடி செலுத்துவது கடினம்.

வயதாகியோ இரைச்சலாலோ செவித்திறன் குறைந்தவர்களுக்கு இந்த மருந்து பயன்படாது. ரோமச் செல்களை மறுபடி முளைக்கவைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட எஃப்எக்ஸ்-322 என்ற வேறொரு மருந்தும் 2023 பிப்ரவரியில் சோதனையில் தோற்றது. வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் அதைப் பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதன் முந்தைய சோதனை ஒன்றில், சேரும்போது எடுத்த அளவீடுகள் பங்கேற்றவர்களின் பழைய பதிவுகளோடு பொருந்தவில்லை. சிகிச்சை கிடைக்கவேண்டுமே என்ற தவிப்பு அவர்கள் தந்த விடைகளில் கலந்திருக்கலாம். அதனால் செவித்திறனை அளந்த ஆடியோகிராம் தாள்களைத் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் புதிய சிகிச்சைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய பதிவுகள் வேண்டும்.

"ஸ்டெம் செல் ஊசி போட்டால் காது கேட்கும்" என்று யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சிடிஆர்ஐ இணையதளத்தில் அந்தச் சோதனை பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்குப் பங்கேற்பவரிடம் காசு வாங்கமாட்டார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேளுங்கள்; படித்து முடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.