கறள் தின்ற லொறி

பதினெட்டு வளைவையும் இறங்கி முடித்து, மகியங்கனை நகருக்குள் நுழையும்போதுதான் எனது லொறியின் பிரேக் பெடல் தரை வரை போனது. பேலியகொடையில் மீன் இறக்கிவிட்டுக் கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெறும் லொறி, வேகமும் இல்லை. சாரதி கியரைக் குறைத்து, ஹேன்ட் பிரேக்கை இழுத்து ஒருவாறு ஓரங்கட்டினார். அரை மணித்தியாலம் முந்தி அது நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கீழே குனிந்து பார்த்தோம். செசியோடு கிளிப் போட்டுப் பிடித்திருந்த இடத்தில் பிரேக் பைப் கறள் பிடித்து உடைந்திருந்தது. மறுநாள் கராஜ் பாஸ் ஸ்குரூ டிரைவரைச் செசியில் வைத்து அழுத்தினார். உள்ளே போய்விட்டது. “காக்கா, இது இரும்பு இல்ல, பிஸ்கட். வெல்டிங் பிடிக்காது” என்றார். லீசிங் காசு இன்னும் பதினான்கு மாதம் கட்ட இருந்தது. வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. அதில்தான் நான் ஏமாந்தேன்.

மீன் வியாபாரிகளின் வாகனங்களைக் கடல் காற்றை விட வேகமாகத் தின்பது பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர்தான். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மீனோடு வரும் அந்த உப்பு, உருகும் ஐஸோடு சேர்ந்து செசியின் மடிப்புகளிலும் வில்லுத் தகடுகளுக்கு இடையிலும் போய்த் தங்கிவிடுகின்றது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கரையோரத்தில் பெரும்பாலான இரவுகளில் அந்த ஈரம் இருக்கும். ஆகவே லொறி ஓடாமல் வளவில் நிற்கும்போதும் கறள் ஏறிக்கொண்டே இருக்கும். பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெரியர்தான் முதலில் போகும்.

நான் விட்ட பிழைகள் இரண்டு. வாரம் தவறாமல் லொறியைக் கழுவினேன், ஆனால் கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பல உவராகிப்போனதை எல்லோரும் அறிவோம். வாயில் விட்டால் கரிக்கும் தண்ணீரில் கழுவுவது, உப்புக்கு மேல் உப்புப் பூசுவதற்குச் சமம். அடுத்தது, கறள் தெரிந்த இடத்தில் சுரண்டாமல் அப்படியே தார் அடித்தேன். தார் வெடித்த இடத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வரவும் வழியில்லாமல் நின்று, இரும்பை மறைவாக அரித்துவிட்டது. தார் அடிக்காமல் விட்டிருந்தால் கறளையாவது கண்டிருப்பேன்.

இப்போது வேறு லொறி. பெட்டித் தண்ணீர் செசியில் படாமல் பின்னால் விழும்படி ஒரு குழாய் போட்டிருக்கின்றேன். சின்ன வேலை, ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பலன் இதில்தான். சந்தையால் வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுகின்றோம். வேகமாகப் பீச்சத் தேவையில்லை, நின்று ஊற்றி உப்பைக் கரைக்க வேண்டும். தண்ணீர் வடியும் துவாரங்களைச் சேறு அடைக்காமல் கம்பியால் குத்திவிட வேண்டும். நன்கு காய்ந்த பின் செசியின் உட்பக்கத்துக்குக் கறள் தடுக்கும் மெழுகு எண்ணெய் அடிக்கலாம். சிலர் கழிவு ஒயில் அடிக்கிறார்கள். அது றப்பர் புஷ்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, வளவில் சொட்டினால் கிணற்றுக்கும் கேடு. பிரேக் பைப் மாற்றுபவர்கள் செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அது உப்புக்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கும்.

பழைய வாகனம் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் ஓட்டைச் செசிக்கும் நல்ல விலை போனது. அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள், சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், கறள் தின்றது மொத்தையாகச் சத்தம் போடும். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனமும் இதற்கு விலக்கல்ல. அங்கு பனி பெய்யும் மாகாணங்களில் வீதிக்கு உப்புத் தூவுகிறார்கள். ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் எஸ் என்ற எழுத்து கறளையும், சீ என்பது அரித்துப்போனதையும் குறிக்கும்.

எனது லொறியை விற்க வந்த தரகர், “இன்னொரு கோட் தார் அடிச்சா ஆருக்கும் தெரியாது ஹாஜியார்” என்றார். பதினெட்டு வளைவு கண்ணுக்குள் நின்றது. வாங்க வந்தவரிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து, நீங்களே குத்திப் பாருங்கள் என்றேன். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மட்டும் விலை பேசி எடுத்துப் போனார். மீதி லீசிங் காசைக் கையிலிருந்து கட்டி முடித்தேன்.

இப்போது லொறி கழுவுவது குழாய்த் தண்ணீரில். மாதம் பில் வரும்போது வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது.