டொலர் கையோடு மாங்கேணிக் கரையில்

பாசிக்குடாவின் சொகுசு விடுதிகளில் பருவகாலத்தில் ஓர் இரவு தங்க நூறு டொலர் கேட்பது சாதாரணம். டொலருக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30,000 ரூபாய். 2026 ஜனவரி முதல் இலங்கையில் தனியார் துறை ஊழியருக்குச் சட்டம் உறுதி செய்திருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளமும் இதே 30,000 ரூபாய்தான். அந்த அறையில் ஒருவர் ஓர் இரவு உறங்குவதற்குக் கொடுக்கும் காசும், அங்கே படுக்கை விரிப்பை மாற்றுகிறவரின் ஒரு மாத உழைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் அடிவிலையும் ஒன்றாக நிற்கின்றன.

அந்த விடுதி வரிசையை விட்டு ஓட்டமாவடிப் பக்கம் வந்து, திருகோணமலை நோக்கிய ஏ15 நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் காயான்கேணி, அதையடுத்து மாங்கேணி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பும் வயலும் பற்றைக்காடும். நிர்வாகத்தில் இது கோறளைப்பற்று வடக்கு, மக்கள் வாயில் வாகரைப் பகுதி. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தது. 2006, 2007இல் போர் இந்தப் பகுதியையே காலி செய்தது. போனவர்கள் திரும்பி வந்து கிணற்றை இறைத்து, வலையைப் பொத்தி, மறுபடி வாழத் தொடங்கிய கரை இது. காயான்கேணியின் பவளப்பாறைகள் 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு முக்குளிக்க வருகிறவர்களும், பாசிக்குடாவின் விடுதி வாடகை கட்டுப்படியாகாமல் வேறு இடம் தேடுகிறவர்களும் இந்தப் பக்கமும் கண் வைக்கிறார்கள். மாதக்கணக்கில் தங்கினால் இங்கே என்ன செலவாகும் என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

விடை, அவர்களுடைய சம்பளம் எந்த நாட்டுப் பணத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு சிலிண்டரின் கதை

இதை 2022ஆம் ஆண்டைப் போலத் தெளிவாகக் காட்டிய ஆண்டு வேறில்லை. அந்த மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 203 ரூபாய். மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாயானது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெட்ரோல், அடுத்த ஜூன் முடிவதற்குள் 470 ஆகியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம்.

இதே சிலிண்டரை டொலரில் கணக்குப் பார்த்தால் கதை வேறு. விலை ஏறுவதற்கு முன் 13 டொலர் சொச்சம். ஏறிய பிறகு 13.50 டொலர். வெளிநாட்டுச் சம்பளம் வாங்கியவருக்கு எரிவாயு விலை ஏறவே இல்லை. ரூபாயில் கூலி வாங்கிய மாங்கேணிக் குடும்பத்துக்கோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகள் எத்தனையோ. கடைக்காரர் இரண்டு பேருக்கும் ஒரே விலைதான் சொன்னார். அந்த விலையைக் கொடுத்த பணப்பைகள்தான் வேறு.

இப்போது நிலைமை ஓரளவு அடங்கியிருக்கிறது. 2025இல் டொலர் 300 ரூபாயை ஒட்டி நின்றது, சிலிண்டர் 3,690 ரூபாய், பெட்ரோலும் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி. ஆனால் 2021இன் விலைகள் திரும்பி வரவில்லை. ஒருவர் அடிப்படைத் தேவைகளை மட்டும் நிறைவேற்ற மாதம் எவ்வளவு வேண்டும் என்று அரசு கணிக்கும் வறுமைக் கோடு தலைக்கு 16,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது 64,000. குறைந்தபட்சச் சம்பளம் இரண்டு சேர்ந்தாலும் அந்தக் கோட்டை எட்டாது.

குசினிக் கணக்கு

ஊர்ச் சாப்பாட்டோடு ஒத்துப்போகிற வெளிநாட்டுக்காரருக்கு மாங்கேணியில் வயிற்றுப்பாட்டுச் செலவு சுமையாக இருக்காது. 2024 டிசம்பரில் அரசு விதித்த உச்ச விலைப்படி நாட்டரிசி கிலோ 230 ரூபாய், சம்பா 240. தேங்காய்தான் 2025 தொடக்கத்தில் ஒன்று 200 ரூபாய் வரை போய் எல்லார் வீட்டுச் சொதியையும் தண்ணீராக்கியது. காலையில் பிட்டும் மீன்கறியும், மதியம் சோறும் இரண்டு மரக்கறியும், மாலையில் எருமைத் தயிரும் பாணியும் என்று நாளை ஓட்டுகிறவர், ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஒரு வேளை உணவுக்குக் கொடுக்கும் காசில் இங்கே பல நாள் சாப்பிடலாம்.

மீனைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். தோணி கரைக்கு வந்ததும் கூடையில் விழுவது முழுவதும் விலைக்குக் கிடைக்கும் என்று புதிதாய் வந்தவர் நினைக்கலாம். பெரிய இறாலும் களி நண்டும் தரம் பிரிக்கப்பட்டு ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அவற்றின் பயணம் கொழும்புக்கும், அங்கிருந்து வெளிநாட்டுக்கும். வலைக்கும் எஞ்சினுக்கும் முன்கூட்டியே கடன் கொடுத்த முதலாளிக்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டிய கட்டு பல மீனவருக்கு உண்டு. அப்படிக் கட்டுப்பட்டவர் தன் மீனுக்குத் தானே விலை சொல்ல முடியாது. கரையில் எஞ்சுவதுதான் ஊர்ச் சட்டிக்கும் சைக்கிளில் கட்டிய மீன் பெட்டிக்கும் வரும். அங்கே மீன் மலிவாகக் கிடைக்கிறது என்றால், விடியுமுன் களப்பில் இறங்கியவருக்குக் கிடைத்த கூலி குறைவு என்பதும் அதற்குள் அடக்கம்.

மலிவு முடியும் இடங்கள்

இறக்குமதி என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே மலிவு நின்றுவிடும். பாலாடைக்கட்டி, ஒலிவ் எண்ணெய், வைன், குழந்தைக்கான டயப்பர் எல்லாம் துறைமுக வரிகளோடு வந்து, மேலே 18 வீத வற் வரியையும் சுமக்கின்றன. 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த வற், படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. இந்தப் பொருட்களை வாங்க மட்டக்களப்பு நகரத்துக்குப் போய்வர வேண்டும், சிலவற்றைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும்.

வாகனம் இதைவிடப் பெரிய அதிர்ச்சி. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியெல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண யப்பானியச் சிறு கார் 50 இலட்சம் ரூபாயைத் தாண்டி நிற்கிறது. இதே காரை ஐரோப்பாவில் வாங்கிப் பழகியவர் விலையைக் கேட்டதும் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் மனதைத் தயார் செய்துகொள்வார்.

மூன்றாவது, குளிர். மே முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கரையில் வெயில் கொளுத்தும். ஏசி இல்லாமல் உறங்க முடியாதவர் மின்கட்டணத்தின் படிக்கட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஏசி ஒன்று மணிக்கு ஒரு யூனிட் அளவில் இழுத்தால், இரவுக்கு எட்டு மணி நேரம் என்று மாதத்தில் 240 யூனிட். மின்விசிறியும் இரண்டு பல்பும் வைத்திருக்கும் பக்கத்து வீடு 60 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளப் பார்க்கும். கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, 180 யூனிட்டைத் தாண்டினால் உச்சப் படி. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறிய கட்டணம், பிறகு சில தடவை குறைக்கப்பட்டாலும், ஏசி போடும் வீட்டுக்கு இன்னமும் கனமானதுதான்.

வைத்தியம் நான்காவது. சிறு காய்ச்சலுக்கு வாகரையிலும் வாழைச்சேனையிலும் ஆஸ்பத்திரி உண்டு, பெரியதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. இலங்கையருக்கு அரசு வைத்தியம் இலவசம், அயல்நாட்டவருக்கு அல்ல. இதய நோய், புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிதான். அறுபதைத் தாண்டியவர் வாடகையைப் பேசுமுன் காப்புறுதியைப் பேசி முடிப்பது நல்லது.

காணி வாங்கிக் குடியேறலாம் என்று நினைக்கிறவருக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்கு நிலத்தை மாற்றுவதைத் தடுக்கிறது, குத்தகைக்கு மட்டும் எடுக்கலாம். 55 வயது கடந்தவர்களுக்கு ‘எனது கனவு இல்லம்’ என்ற நீண்டகால வீசா இருக்கிறது. அதற்கு வங்கியில் 15,000 டொலர் வைப்பும், மாதம் 1,500 டொலர் வரவும் காட்ட வேண்டும். 1,500 டொலர் என்றால் நாலரை இலட்சம் ரூபாய். ஓர் அயல்நாட்டு ஓய்வூதியருக்கு மாதம் இவ்வளவாவது வேண்டும் என்று கணித்த அரசு, சொந்தத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிச்சம்பளத்தைப்போல் அது பதினைந்து மடங்கு.

கோடைக்கு வருகிற மாமா

மாங்கேணிக்கும் மட்டக்களப்புக்கும் வருகிற வெளிநாட்டுக்காரர்களில் வெள்ளைத் தோல்காரர் சிறு பங்குதான். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு வருகிற ‘சுவிஸ் மாமா’, ‘லண்டன் சித்தி’, ‘கனடா அண்ணன்’ ஆகியோரே பெரும் பங்கு. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தமும் பல அம்மன் சடங்குகளும் அந்த மாதங்களையொட்டி வருவதால், விமான டிக்கட் எவ்வளவு ஏறினாலும் வந்துவிடுகிறார்கள். சந்தையில் காலடி வைத்ததும், “எப்ப வந்தீங்க மாமா?” என்ற விசாரிப்பு. அந்தக் கேள்விக்குப் பிறகு ஓட்டோக் கூலியும் நண்டு விலையும் சற்று நிமிர்ந்து உட்காரும்.

ஓய்வுபெற்று ஊரிலேயே இருந்துவிட நினைக்கும் இவர்களுக்கு வழி இரட்டைக் குடியுரிமை. சில ஆண்டுகள் நின்றிருந்த அந்த ஏற்பாடு 2015இல் மீண்டும் திறந்தது. அதைப் பெற்றவருக்குக் காணித் தடையும் இல்லை. ஐரோப்பிய ஓய்வூதியம் அங்கே அறை வாடகைக்கே போதாமல் இருக்கலாம், இங்கே அதே தொகை ஒரு வீட்டையும் உதவிக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளப் போதும். ஆனால் அந்தக் காசு காணியைத் தேடி வரும்போது, ரூபாயில் சேர்த்தவரால் போட்டி போட முடியாது. மட்டக்களப்பு இதை முன்பும் பார்த்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் நகரத்தில் குவிந்தபோது வீட்டு வாடகை ஏறி, ஆசிரியரும் எழுதுவினைஞரும் தள்ளிப் போய் வீடு தேட வேண்டியிருந்தது. தெற்கில் உனவட்டுனவில் 2024 பெப்ரவரியில் நீண்டகாலமாகத் தங்கியிருந்த வெளிநாட்டவர் சிலர் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று விருந்து அறிவித்து, நாடே கொதித்தது. ஊரார் வியாபாரத்தை வந்தவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற முறைப்பாடு அதற்கு முன்பே அங்கே இருந்தது.

இங்கிருந்து போன வெளிநாட்டுக்காரர்

இந்தக் கணக்கின் மறுபக்கம் டோஹாவிலும் குவைத்திலும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக்கு மாதச் சம்பளம் கொண்டுவந்தது வாழைச்சேனைக் காகித ஆலை. அது தளர்ந்த பிறகு, போரும் கடனும் தின்ற வீடுகளுக்குச் சம்பளம் தேடி விமானம் ஏறியவர்கள் இளைஞர்களும் தாய்மாரும். 2022 ஒரே ஆண்டில் நாடு முழுவதிலுமிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அதே ஆண்டில்தான், வீட்டு வேலைக்குப் போகும் தாயின் கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி இரண்டு வயதாகத் தளர்த்தப்பட்டது. இந்த நாட்டுக்கு டொலர் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு அந்த மூன்று வருட வித்தியாசம் சாட்சி.

கட்டாரில் 2021 மார்ச் முதல் வீட்டுப் பணியாளர் உட்பட எல்லாருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 றியால். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி தராவிட்டால் முறையே 500, 300 றியால் மேலதிகம். ஆயிரம் றியால் ஏறத்தாழ 82,000 ரூபாய். அதில் போன் கார்டுக்கும் சவர்க்காரத்துக்கும் போக மீதியை அனுப்பினால், ஊரில் ஒரு பிள்ளையின் படிப்பும் பாதி கட்டிய வீட்டின் கூரையும் நகரும். இப்படி வந்த காசு 2022இல் வங்கி வழியாகச் சுமார் 380 கோடி டொலராகச் சுருங்கியிருந்தது, 2024இல் 657 கோடி டொலராக உயர்ந்தது. நாடு எழுந்து நின்றதில் இவர்களின் பங்கை எந்த மேடையிலும் உரத்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் அவர்கள் மிச்சம் பிடித்து வாழ்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிறவர் தாராளமாக வாழ்கிறார். இரண்டையும் சாத்தியமாக்குவது ஒரே நாணய மாற்று வீதம்.

ஊருக்குள் நிற்கும் காசு

வருகிறவரைத் தடுப்பதல்ல தேவை. மாதம் நாலரை இலட்சம் செலவழிக்கும் ஒருவர் மாங்கேணியில் குடியிருந்தால் அதில் எவ்வளவு மாங்கேணியில் நிற்கிறது என்பதே பார்க்க வேண்டிய விடயம். விடுதிக்குள் அடைந்து, கொழும்பிலிருந்து லொறியில் வரும் மரக்கறியைச் சாப்பிடுகிறவரின் காசு வந்த வழியே போய்விடும். ஊர் வீட்டில் எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்கு இருந்து, மீனைக் கரையிலும் மரக்கறியை வாழைச்சேனைச் சந்தையிலும் வாங்குகிறவரின் காசு நாலு கை மாறும். ஒக்டோபரில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் பாசிக்குடா வெறிச்சோடும். விருந்தினர் பட்டியலில் சேர்க்கும் பத்து வீதச் சேவைக் கட்டணத்தில் ஊழியர் பெறும் பங்கும் அதோடு சுருங்கும். மழை மாதங்களிலும் தங்குகிற குடியிருப்பாளர் ஊருக்குப் பருவ விருந்தினரைவிடப் பயனுள்ளவர்.

2025 மே மாதத் தேர்தலோடு புதிய பிரதேச சபைகள் பொறுப்பேற்றிருக்கின்றன. வாகரைப் பகுதிச் சபை செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடும் வீடுகளைப் பதிவு செய்யலாம். மீனவர் சங்கங்களுக்கு ஐஸ் சேமிப்பு வசதி கிடைக்க வழி செய்தால், கடன் கொடுத்த முதலாளி சொல்லும் விலைக்கே விற்க வேண்டிய நெருக்கடி குறையும். பாசிக்குடா விடுதிகள் மீனிலும் தயிரிலும் ஒரு பங்கை இந்தக் கரையிலேயே வாங்க வேண்டும் என்று மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் கேட்கலாம். சுற்றுலாவுக்கு அடுத்த பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது, இந்த மூன்றையும் அதற்கு முன் பேசி முடிக்க வேண்டும்.