பதுவை நகரில் பயிலச் செல்வோர்

பெரியதாழை முதலிய நம் கடற்கரைப் பங்குகளில் செவ்வாய்தோறும் ஒலிக்கும் பெயர் பதுவை. கோடி அற்புதராம் அந்தோனியார் அடங்கிய அந்நகரில் 1222ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக் கழகமும் உண்டு. கலிலேயோ 18 ஆண்டுகள் கற்பித்த இடம் அது. 1678ஆம் ஆண்டு எலேனா கொர்னாரோ என்னும் பெண்மணி தத்துவத்தில் முனைவரானதும் அங்கேதான். பெண்மக்களைப் பெற்றோர் இதனைக் கருதுக.

இத்தாலிய அரசுப் பல்கலைக் கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வறியோர்க்கு மாநில உதவித்தொகையும் உண்டு. ஆகவே வலையை நம்பி வாழும் இல்லத்துப் பிள்ளைக்கும் வழி திறந்தேயிருக்கிறது. பலரும் மிதிவண்டியிலேயே வகுப்புக்குச் செல்லும் ஊராதலால் போக்குவரத்துச் செலவும் குறைவு.

இடர்ப்பாடு கூரையில்தான். 2023 மே மாதத்தில் வாடகை உயர்வை எதிர்த்து மிலான் மாணவர்கள் கூடாரமடித்துத் தங்கினர்; அப்போராட்டம் பதுவைக்கும் பரவியது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். வீட்டுக்காரரோ இத்தாலியமே பேசுவார். வாரம் 20 மணி நேரமே வேலை செய்யச் சட்டம் இடந்தருவதால், உழைத்தே வாடகையை ஈடுகட்டலாம் என்பது வீண் கணக்கு. வாடையும் கச்சானும் அறிந்த நம் பிள்ளைகளுக்குக் காற்றே அசையாத குளிர்கால மூடுபனி வேறு!

விமானச் சீட்டுக்கு நகையை அடகு வைக்குமுன், அறைக்குரிய ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். அது முறையாகப் பதிவாகாவிடில், வெளியூர் மாணவர்க்குரிய உயர்ந்த உதவித்தொகை பொதுவாகக் கிட்டாது.