கியரை எப்போது மாற்றுவது? இயந்திரமே சொல்லும்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு வாகனமோட்டிப் பள்ளிகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பதிவின்போது கேட்கப்படும் முக்கியமான கேள்வி, ‘டி’ உரிமமா, ‘டிஏ’ உரிமமா என்பதுதான். டிஏ எடுத்தவர்கள் ஆட்டோ கார் மட்டுமே ஓட்டலாம். டி எடுத்தவர்கள் ஆட்டோ, மேனுவல் இரண்டையும் ஓட்டலாம். புதிதாக வரும் கார்களில் பெரும்பாலானவை ஆட்டோ என்பதால், “மேனுவல் எதற்கு?” என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பகுதிநேர வேலைக்குப் போனால் கையில் சாவி கொடுக்கப்படும் வேன், சித்தப்பா இன்னும் விற்க மனம் வராமல் வைத்திருக்கும் பழைய கான்சில் என்று மேனுவல் வண்டிகள் நம்மைச் சுற்றி நிறையவே ஓடுகின்றன. டிஏ உரிமத்தை வைத்துக்கொண்டு அவற்றை ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

டி உரிமம் எடுத்தவர்களுக்கு வேறு தொல்லை. தேர்வில் தேறிவிடுகிறார்கள், ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. இந்தக் குலுங்கல் ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

இயந்திரம் ஒரு வேகத்தில் சுழல்கிறது. சக்கரங்களோடு இணைந்த கியர் பெட்டி இன்னொரு வேகத்தில் சுழல்கிறது. இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை. இரண்டின் வேகமும் ஒத்துப்போகாத நேரத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டால், வித்தியாசம் முழுவதும் ஒரே நொடியில் வண்டியை உலுக்குகிறது. வேகங்கள் நெருங்கி வந்தபின் விட்டால் கியர் மாறியதே தெரியாது.

கியரை ஏற்றும்போது முதலில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள். உடனே கிளட்சை அடிவரை மிதியுங்கள். கியர் கம்பை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஒரு கணம் விட்டு, அடுத்த கியருக்குத் தள்ளுங்கள். அந்த ஒரு கணம் வீண் அல்ல. கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள் இருக்கின்றன. அவை தங்கள் வேலையைச் செய்ய அந்த அவகாசம் போதும். பிறகு கிளட்சை மெதுவாக விடும்போது, பாதி வழியில் அது ‘பிடிக்கும்’ இடம் ஒன்று வரும். அங்கே காலைச் சற்று நிறுத்தி, பிறகு முழுதாக விட்டு, எண்ணெய் மிதியை மெல்ல அழுத்துங்கள். காலை எடுக்கும் முன்பே கிளட்சை மிதித்தால் இயந்திரம் அலறும். நம் சாலைகளில் அந்தச் சத்தம் கேட்டாலே ‘பி’ ஸ்டிக்கர் ஒட்டிய கார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

எந்த வேகத்தில் மாற்றுவது? சமதரையில் ஓடும் சிறிய பெட்ரோல் காருக்கு, மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டரில் இரண்டாம் கியர், 30-ஐ ஒட்டி மூன்றாவது, 50 அளவில் நான்காவது, 70-க்கு மேல் ஐந்தாவது என்று தொடங்கலாம். ஆர்.பி.எம். முள் உள்ள காரில் 2,000-லிருந்து 2,500-க்குள் மாற்றுவது பொதுவாகச் சரியாக வரும். ஏற்றத்திலோ, முந்திச் செல்லும்போதோ 3,000-க்கு மேல் போகவிட்டு மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிடக் காதைப் பழக்குவது நல்லது. ஓசை உயர்ந்துகொண்டே போனால் மேலே ஏற்றச் சொல்கிறது. இயந்திரம் முனகி, வண்டி நடுங்கி, மிதித்தாலும் நகரவில்லை என்றால் கீழே இறக்கச் சொல்கிறது.

இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது பலர் கம்பை வலப்பக்கம் இழுத்துத் தள்ளி, ஐந்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே இழுக்கவே தேவையில்லை. நடுநிலையில் பிடியைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கம்பைத் தானாகவே நடுவுக்குக் கொண்டுவரும். நேராக மேலே தள்ளினால் மூன்று. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது செய்யும் பிழைதான் ஆபத்தானது. கம்பை இறுக்கிப் பிடித்து இடப்பக்கம் இழுத்தால் இரண்டாம் கியரில் விழும். நெடுஞ்சாலை வேகத்தில் அப்படி விழுந்து கிளட்சையும் விட்டால், இயந்திரம் தாங்கும் அளவுக்கு மேல் சுழன்று உடையலாம், சக்கரங்களும் வழுக்கலாம்.

வளைவு வந்தால் முதலில் பிரேக், பிறகு கியர், அதற்குப் பிறகே திருப்பம். வேகம் குறைந்தபின்தான் கீழ்க் கியர் பொருந்தும்.

தேர்வில் பலருக்கு வியர்க்கும் இடம் ‘புக்கிட்’. மேட்டில் நிறுத்திய காரைப் பின்னால் உருளவிடாமல் கிளப்ப வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விடுங்கள். ஓசை சற்றுத் தாழும், காரின் முன்பக்கம் இலேசாக எழும்பும். அந்த இரண்டும் தெரிந்த பிறகே கைப்பிரேக்கை விடுங்கள். பயத்தில் கிளட்சை மறுபடி அழுத்தினால்தான் கார் பின்னால் போகிறது.

ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிகக் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. கெந்திங் மலையிலிருந்து கோத்தோங் ஜெயா பக்கம் இறங்கும் சாலையில் ‘குனாகான் கியர் ரெண்டா’ என்ற அறிவிப்புப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த கியரில் இறங்கச் சொல்கின்றன. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சூடு மிஞ்சினால் பிரேக் எண்ணெயே கொதித்து, மிதி ‘பொதக்’ என்று உள்ளே போகும். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் எண்ணெய் மிதியை விட்டுவிட்டு இறங்கினால், இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு. இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். ஆட்டோ காரிலும் இதற்கென ‘எல்’ போன்ற நிலைகள் உண்டு. பெயர் காருக்குக் கார் மாறும், கையேட்டைப் புரட்டினால் தெரியும்.

‘ஃப்ரீ கியரில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்றைய இஞ்செக்ஷன் கார்களில், கியரில் இருந்தபடி எண்ணெய் மிதியை விட்டு இறங்கும்போது பெட்ரோல் செல்வதே பெரும்பாலும் நின்றுவிடும். ஃப்ரீ கியரில் போட்டால் இயந்திரம் அணையாமல் இருக்கவே பெட்ரோல் தேவை. மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. மாமாவிடம் வாதாட வேண்டாம். நீங்கள் ஓட்டும்போது கியரில் இறங்கினால் போதும்.

ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பதும், கையைக் கியர் கம்பின் மேல் ஓய்வாகப் போட்டிருப்பதும் பாகங்களைச் சிறுகச் சிறுகத் தேய்க்கும். சமிக்ஞை விளக்கில் முதல் கியரோடு கிளட்சை மிதித்தபடி காத்திருப்பதற்குப் பதில், ஃப்ரீ கியரில் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஏற்றத்து நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தே வண்டியை நிறுத்திவைத்தால் தீய்ந்த வாடை வரும். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறிய பிறகும் இயந்திரம் உறுமியும் வண்டி வேகம் எடுக்கவில்லையென்றால், கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.