கொப்புளிப்பான் தடுப்பூசியும் பெற்றோர் கொடுக்கும் விலையும்

கொப்புளிப்பானை இளமையில் வந்து போகும் எளிய நோயென்று கொள்வது யாழ்ப்பாணத்தார்க்கு மட்டுமே உரிய எண்ணமன்று. வேப்பிலை பரப்பித் தண்ணீர் வார்க்கும் நாளை எண்ணியிருக்கும் இல்லங்களைப் போலவே, இலண்டன் மாநகரத்து இல்லங்களும் அதனைப் பிள்ளைப் பருவத்தின் ஒரு படியென்றே நெடுங்காலம் கருதின. பெரும்பான்மையான பிள்ளைகளைப் பொறுத்தவரை இக்கருத்துத் தவறன்று. ஆயினும், அதே வைரசு கருவுற்ற பெண்ணையோ, பிறந்து சின்னாளே ஆன குழவியையோ, வளர்ந்தோரையோ பற்றுமாயின் நுரையீரல் அழற்சியும் மூளை அழற்சியும் விளைதல் கூடும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி கண்டவர் யப்பானிய அறிஞர் மிச்சியாக்கி தக்காஹாசி. 1964இல் அவர் ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, மூன்று வயதான அவருடைய மகன் கொப்புளிப்பானாற் பெரிதும் வருந்தினான். தந்தையின் கவலையே ஆய்வாளரின் முயற்சியாயிற்று. 1974இல் அவர் வெளியிட்ட தடுப்பூசி, ஓகா என்னும் பெயருடைய சிறுவனொருவனிடமிருந்து பெற்ற வைரசை வலிமை குன்றச் செய்து ஆக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா 1995இல் இதனைப் பிள்ளைகள் எல்லோருக்கும் உரியதாக்கிற்று. 2006இல் இரண்டாம் ஊசியையும் சேர்த்தது.

பிரித்தானியா அவ்வழிச் செல்லவில்லை. 1948இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை பிள்ளைகளுக்குரிய ஏனைய தடுப்பூசிகளை இலவசமாக வழங்கியபோதும், கொப்புளிப்பான் ஊசியை மருத்துவ ஊழியர்க்கும், நோயெதிர்ப்பு வலிமை குன்றியோருடன் வாழ்வோர்க்கும் போன்ற சிலருக்கே அளித்தது. ஏனையோர் மருந்துக்கடைகளையும் தனியார் மருத்துவ நிலையங்களையும் நாடினர். இரண்டு ஊசிகளுக்கும் ஏறத்தாழ 150 பவுண் செலவாயிற்று. இரு பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு அது 300 பவுண். ஒரு கிழமைச் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கு.

அரசு இதனை மறுத்தமைக்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. கொப்புளிப்பான் மாறிய பின்னும் அதன் வைரசு நரம்புக் கணுக்களில் உறங்கிக் கிடக்கும். முதுமையில் விழித்தெழுமாயின் அக்கியாக வெளிப்படும். சிரென்செஸ்டர் என்னும் ஊரில் மருத்துவராயிருந்த ஹோப்-சிம்சன் 1965இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார். கொப்புளிப்பான் கண்ட பிள்ளைகளோடு பழகுந்தோறும் முதியோரின் எதிர்ப்பு வலிமை புதுப்பிக்கப்படுகின்றது என்பதே அது. அங்ஙனமாயின், பிள்ளைகளிடம் நோய் அற்றுப்போக முதியோரிடம் அக்கி பெருகும் என அஞ்சப்பட்டது. பேரனின் கொப்புளம் பாட்டனுக்கு மருந்தாயிற்று என்பது இக்கணக்கின் பொருள். அறிவியல் நோக்கில் இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆனால் அம்மருந்தைச் சுமக்கும் கடமை 150 பவுண் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளிடமே எஞ்சியது. கொடுக்க இயன்றோர் அதிலிருந்து விலகிக்கொண்டனர்.

காலம் அவ்வச்சத்தைத் தளர்த்திற்று. அமெரிக்காவில் அக்கி நோய் தடுப்பூசித் திட்டத்துக்கு முன்னரே பெருகத் தொடங்கியிருந்தது என்பதும், திட்டத்தின் பின் அப்பெருக்கம் விரைவுறவில்லை என்பதும் புலனாயின. பிரித்தானியாவிலேயே 2013 முதல் முதியோர்க்கு அக்கித் தடுப்பூசி தனியே வழங்கப்பட்டது. 2023 நவம்பரில் தடுப்பூசி ஆலோசனைக் குழு தன் நிலைப்பாட்டை மாற்றிப் பரிந்துரைத்தது. 2026 ஜனவரியில், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றோடு கொப்புளிப்பானையும் தடுக்கும் கூட்டு ஊசி, 12 மாதத்திலும் 18 மாதத்திலும் இலவசமாக வழங்கப்படலாயிற்று. வயதில் மூத்த பிள்ளைகள் பலர் அத்திட்டத்துக்குள் அடங்கவில்லை.

விலைகொடுத்து வாங்கும் ஊசி வாங்கியவனோடு மட்டும் முடிவதன்று. ஊரிற் சிலர் மட்டுமே அதனைப் பெறின் வைரசு அற்றுப்போகாது. அதன் நடமாட்டம் மட்டும் குறையும். குறையவே, ஊசி பெறாத பிள்ளை ஐந்து வயதிற் கண்டிருக்கவேண்டிய நோயை இருபத்தைந்து வயதிற் காணும். அப்போது அது எளிய நோயன்று. இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2014இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. நூற்றுக்கு 80 பிள்ளைகளுக்கேனும் தொடர்ந்து ஊசி வழங்கவல்ல நாடுகளே இதனைப் பொதுத்திட்டத்திற் சேர்க்கலாம் என்றும், 20க்கும் 80க்கும் இடைப்பட்ட நிலை கடும்நோயாளர் தொகையைக் கூட்டக்கூடும் என்றும் அது கூறிற்று. மிகச் சிலரே வாங்கும்வரை இவ்விடர் சிறிது. வாங்குவோர் பெருகியும் அரசு ஒதுங்கி நிற்குமாயின் இடர் பெரிது.

இலங்கைக்கு இது அயலார் கதையன்று. 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் சிறந்த பயன் தந்துள்ளது. எனினும் கொப்புளிப்பான் ஊசி அதில் இடம்பெறவில்லை. தனியார் மருத்துவ நிலையங்களில் விலைக்கே பெறப்படுகின்றது. வெப்பநாடுகளில் வளர்ந்த பின்னரே இந்நோயைக் காண்போர் குளிர்நாடுகளினும் மிகுதியாதலால், வயது தள்ளிப்போதல் ஈண்டு கூடுதலாகக் கருதத்தக்கது.

வாங்கும் பெற்றோர் அறியவேண்டியன சிலவே. இது உயிருள்ள வைரசாலான ஊசி. ஆதலின் கருவுற்றோர்க்கும் எதிர்ப்பு வலிமை மிகக் குன்றியோர்க்கும் எவ்விலை கொடுப்பினும் ஏற்றலாகாது. முழுப் பயன் பெற இரண்டு ஊசிகள் வேண்டும். அரசு வழங்கும் சின்னமுத்துக் கூட்டு ஊசியும் உயிருள்ளதே. இரண்டையும் ஒரே நாளில் ஏற்றலாம். இல்லையேல் இடையே நான்கு கிழமைகளேனும் கழிதல் வேண்டும். தனியாரிடம் பெற்ற ஊசியின் நாளையும் பெயரையும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிற் குறிப்பித்துக்கொண்டால், அடுத்த ஊசிக்கு நாள் குறிக்கும் மருத்துவ மாதுக்கு ஐயம் நேராது.