கயிற்றில் நிற்கப்போகிறவர் யார்?

தோட்டம் செய்த கைகள் பல இன்று கிணறு இறைக்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்கள் முகாமிலும் உறவினர் வளவிலும் இருந்துகொண்டு கூலிக்குப் போகப் பழகியவை. பின்னாளில் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, திரும்பிப் போனவர்களை வரவேற்றது பற்றையும் தூர்ந்த கிணறும்தான். ஆறில்லாத குடாநாட்டில் கிணறு இல்லாமல் குடியிருப்பு இல்லை, வெங்காயமும் இல்லை. ஆகவே கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு அள்ளிக் கொடுக்கும் சிறு கூட்டங்கள் உண்டாயின. அப்படியான ஐவர் கூட்டம் ஒன்றுடன் நாங்கள் இரண்டு நாள் நின்றோம். (கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து முடிக்காத வளவில் கிணற்றுக்குள் வாளி போடவே கூடாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம்.)

ஐவரில் ஒருவர் தமது சொந்தக் காணி கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு மேஸ்திரியார் தமக்கு மருமகன் முறையான ஓர் இளைஞரை எடுக்க நினைத்தார். அந்தப் பெடியனும் இடம்பெயர்ந்தவர்தான். தாயையும் இரண்டு தங்கைமாரையும் பார்க்க வேண்டியவர். இதை அறிந்த நாள் முதல் கூட்டத்தில் மூத்தவருக்கு நித்திரை இல்லை. கிணற்றின் அடியில் இறங்குகிறவர் அவர்.

ஏன் நித்திரை இல்லை என்பதை விளங்க, இந்த வேலையை விளங்க வேண்டும். கீழே நிற்பவர் சேற்றையும் கல்லையும் வாளியில் நிரப்ப, மேலே இருவர் கப்பியில் கயிற்றைப் போட்டு இழுக்கிறார்கள். நிறைந்த வாளி கீழே நிற்பவரின் தலைக்கு நேரேதான் ஏறும். கயிறு கைவிட்டால் விலகி நிற்க அங்கே இடமில்லை. இதற்கு மேலாகக் காற்றும் இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் மெசின் இருபத்தைந்து அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்காது. அதற்காக மெசினையே கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுவோர் உண்டு. அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்த்தால் ஒட்சிசன் குறைவு தெரியலாம். இந்த வாயு இருப்பது தெரியாது. விளக்கு எரிகிறதே என்று இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அவசரப்பட்டு இறங்கியவரும் விழுவார். மெசின் மேலேயே நிற்க வேண்டும், குழாய்தான் இறங்க வேண்டும். இறங்குகிறவரின் இடுப்பிலும் ஒரு கயிறு இருக்க வேண்டும். மேலே நிற்பவர் இடையிடையே பேச்சுக் கொடுக்க வேண்டும். மறுமொழி வராவிட்டால் உடனே இழுக்க வேண்டும். ஆகக் கயிற்றில் நிற்பவர் வெறும் கூலியாள் அல்ல. கீழே நிற்பவரின் உயிர் அவர் கையில்.

மூத்தவர் அந்தப் பெடியனை முந்தின மாதம் வேறொரு வளவில் கண்டிருந்தார். வாளி பாதியில் தொங்க, கயிற்றை ஒரு மரக்கட்டையில் சுற்றிவிட்டு, ஃபோன் கதைக்கப் போய்விட்டாராம். கீழே ஆள் நின்றது.

இதை மேஸ்திரியாரிடம் சொல்ல அவருக்கு ஒரு கிழமை எடுத்தது. மேஸ்திரியாரின் உறவு, சொன்னால் எரிச்சல் என்பார்கள். பெடியனின் அடுப்பில் கைவைப்பதாகவும் ஆகும். தன் வேலையே போய்விடலாம் என்ற பயமும் இருந்தது. கடைசியில் மனைவிதான், “நீங்கள்தானே கீழ இறங்கிறது?” என்று கேட்டாராம்.

அன்று பின்னேரம் கூலி பிரித்து மற்றவர்கள் போனபின் சொன்னார். “தம்பி, குறையாய் நினைக்காதேங்கோ. உங்கட மருமகன் கயித்தைக் கட்டையில சுத்திப்போட்டு ஃபோன் கதைக்கப் போனதை என்ர கண்ணால கண்டனான். கீழ ஆள் நிண்டது. அவனுக்கு வேலை குடுக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. கயித்தில விட முதல் யோசியுங்கோ.”

அவ்வளவுதான். அவர் சொல்லாமல் விட்டவையும் எங்களுக்குப் பெரிதாகப் பட்டன. பெடியன் எந்த ஊர், எந்தப் பகுதி ஆட்கள், தமையன் முந்தி எதிலே இருந்தவர் என்றெல்லாம் தேநீர்க்கடையில் கதை அடிபட்டது. அதில் ஒன்றையும் அவர் காவிப் போகவில்லை. கிணற்றில் வாளி போட விடாமல் சாதி பார்த்த ஊர்கள் எங்களுடையவை. ஓர் ஆளைப் பற்றிய ஒரு சொல் அவர் உயிரையே எடுத்த வருடங்களையும் நாம் கண்டிருக்கிறோம். வேலையைப் பற்றிய பயம் வேறு, ஆளைப் பற்றிய வெறுப்பு வேறு. இரண்டையும் ஒரே கடகத்தில் அள்ளிக் கொட்டினால் கேட்பவர் இரண்டையுமே தள்ளிவிடுவார்.

மற்ற மூவரையும் சேர்த்துக்கொண்டு போகாததும் சரி என்றே நினைக்கிறோம். நால்வர் திரண்டு போனால் மேஸ்திரியார் தன் உறவுக்காக நிற்பாரே ஒழியக் கயிற்றைப் பற்றி யோசிக்கமாட்டார். தனியச் சொல்லியும் கேளாவிட்டால் மற்றவர்களையும் கூட்டிப் போகலாம். அதுவும் சரிவராவிட்டால், அந்த ஆள் கயிற்றில் நிற்கும்வரை இறங்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். எழுதுகிற எங்களுக்கு இது சுகம். அன்றாடக் கூலியில் உலை வைப்பவருக்கு அது ஒரு நாள் பட்டினி. அதனால்தான் ஆளை எடுத்தபின் அல்ல, எடுக்க முதலே வாய் திறப்பது நல்லது.

மேஸ்திரியார் முதலில் கோபித்தார். “என்ர ஆள் எண்டபடியாலோ?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், யார் சொன்னது என்று சொல்லாமல், பெடியனிடமே விசாரித்தார். பெடியன் மறுக்கவில்லை. “சேறுதானே வருகுது எண்டு நினைச்சன் மாமா. கீழ ஆள் இறங்கினதை ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை” என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். வேலை பழக்காமல் கயிற்றைக் கையில் கொடுக்கும் கூட்டங்கள் உண்டு.

முதல் மூன்று கிணற்றுக்கும் பெடியன் சேறு கொட்டுகிற வேலையில் நின்றார். கூலி ஒரே கூலிதான். நாங்கள் போனது நாலாவது கிணற்றுக்கு. மூத்தவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, எங்கே கால் ஊன்றி நிற்பது, எந்தக் கை முன்னுக்கு என்று பெடியனுக்குக் காட்டினார். இறங்க முதல் பெடியனின் சட்டைப் பையிலிருந்த ஃபோனை எடுத்து எங்களிடம் தந்தார். மத்தியானத்துக்குள் அது இரண்டு தரம் அடித்தது.